மத்தியஸ்தம் செய்ய மறுக்கும் தாளம்: ஃபிரிட்ஸ் லாங்கின் படமும் ஜெஃப் மில்ஸின் இசையும்

மௌனப்படம் மௌனமாக ஓடியதே கிடையாது. சுருளில் ஒலி இல்லை, அவ்வளவுதான். அரங்கின் ஓரத்தில் ஒரு பியானோ, வசதியான அரங்கென்றால் முழு ஆர்க்கெஸ்ட்ரா, நம் பக்கம் ஆர்மோனியமும் தபலாவும் என்று ஏதாவது ஒன்று வாசித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஆகவே இன்றைக்கு ஒரு மௌனப்படத்துக்குப் புதிதாக இசையமைக்க வருபவர் காலி நாற்காலியில் வந்து அமர்வதில்லை. ஏற்கனவே உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டுத்தான் உட்காருகிறார். எழுப்பப்பட்டவர் யார், அவரோடு எந்த வாசிப்பு வெளியேற்றப்பட்டது என்று கேட்காமல், 'ஒட்டுகிறது', 'ஒட்டவில்லை' என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு பின்னணி இசையைப் பேசி முடித்துவிடுகிறோம். இசை படத்தோடு ஒட்ட வேண்டும் என்பது யாருடைய கோரிக்கை? அதைக் கேட்டாக வேண்டும்.

டெட்ராய்ட் நகரத்தில் 1963-இல் பிறந்த கறுப்பின டி.ஜே. ஜெஃப் மில்ஸ், 2000-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' படத்துக்கு மின்னணு இசை அமைத்தார். டி.ஜே. என்றால் இசைத்தட்டுகளைச் சுழற்றி, ஒன்றின் மேல் ஒன்றைப் படியவைத்து, கூட்டத்தை விடிய விடிய ஆடவைப்பவர். கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்காரரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கிடைக்கும் ஆள் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. இந்த ஆள் போய் ஜெர்மானிய வெளிப்பாட்டியத்தின் பெருங்கோயிலில் கைவைக்கலாமா என்ற முகச்சுளிப்பு ஐரோப்பாவிலும் இருந்திருக்கும். என் எண்ணம் நேரெதிரானது. அந்தப் படத்துக்கு இசையமைக்க டெட்ராய்டின் டெக்னோ கலைஞரைவிட உரிமையுள்ளவர் கிடையாது. காரணம் ரசனை சார்ந்தது இல்லை, வரலாறு சார்ந்தது.

முதலில் படம். 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் திரையிடப்பட்டது. ஊஃபா நிறுவனம் 50 லட்சம் மார்க்குக்கு மேல் கொட்டி எடுத்தது. மேலே வானளாவிய கட்டடங்கள், முதலாளிகளின் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் தோட்டங்கள். கீழே எந்திரங்கள். அதற்கும் கீழே தொழிலாளர் நகரம். நகரத்தின் அதிபதி யோ ஃபிரெடர்சன். அவன் மகன் ஃபிரெடர் ஒருநாள் கீழே இறங்கி வந்து, எந்திரம் வெடித்து ஆட்கள் சாவதைப் பார்க்கிறான். எந்திரம் அவன் கண்முன் மோலோக் என்ற நரபலி கேட்கும் தெய்வமாக வாய் திறக்கிறது. நிலவறைகளில் மரியா என்ற பெண் தொழிலாளர்களிடம் பொறுமையைப் போதிக்கிறாள். தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் மத்தியஸ்தம் செய்ய வேண்டும், அந்த மத்தியஸ்தன் வருவான் என்கிறாள். ஃபிரெடர்சனின் ஆணைப்படி ரோட்வாங் என்ற விஞ்ஞானி, தான் செய்துவைத்திருக்கும் எந்திர மனுஷிக்கு மரியாவின் முகத்தைப் பொருத்துகிறான். இந்தப் போலி மரியா கேளிக்கை விடுதியில் ஆடி மேல்தட்டு ஆண்களைப் பித்தாக்குகிறாள். கீழே போய்த் தொழிலாளர்களைக் கலகத்துக்குத் தூண்டுகிறாள். அவர்கள் எந்திரத்தை உடைக்கிறார்கள், வெள்ளம் அவர்களுடைய வீடுகளுக்குள்ளேயே புகுகிறது, குழந்தைகள் மூழ்கப் போகிறார்கள். கடைசியில் தேவாலய வாசலில் முதலாளியின் கையையும் மேஸ்திரி குரோட்டின் கையையும் ஃபிரெடர் சேர்த்துவைக்கிறான். படம் முடிந்தது.

கூலி? வேலை நேரம்? படத்தில் ஒரு கடிகாரம் வருகிறது, பத்து மணி எண்களோடு. ஷிஃப்டுக்காகவே செய்த கடிகாரம். கைகுலுக்கல் முடிந்த மறுநாள் காலையில் அந்தக் கடிகாரம் ஓடுமா ஓடாதா என்று படம் சொல்வதில்லை. சீக்ஃபிரீட் கிராக்கவுர் 1947-இல் எழுதிய 'கலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை' நூலில் இந்த முடிவைப் பிடித்துக்கொண்டார். இதயத்தின் மத்தியஸ்தம் என்ற இந்த வசனத்தை கோயபல்ஸே எழுதியிருக்கலாம் என்பது அவருடைய வாதம். லாங்கும் பின்னாளில் இந்த முடிவைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. திரைக்கதை எழுதிய அவருடைய மனைவி தியா ஃபான் ஹார்போ நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். லாங் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அதனால் பழியெல்லாம் மனைவி மீது, பெருமையெல்லாம் கணவன் மீது என்று திரைப்பட வரலாறு பிரித்துக்கொடுத்துவிட்டது. ரொம்ப சௌகரியமான பாகப்பிரிவினை. ஹார்போ பிறகு அயி டெண்டுல்கர் என்ற இந்தியரை மணந்தார் என்ற செய்தி இந்தக் கணக்கில் எங்கே சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் இப்படித்தான் கோட்டுக்குள் அடங்காமல் இருக்கிறார்கள்.

எந்திரங்களைப் பற்றிய இந்தப் படம் எங்கிருந்து வந்தது? லாங் 1924-இல் நியூயார்க் போனதையும், கட்டடங்களின் வெளிச்சத்தைப் பார்த்து மயங்கியதையும் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மெட்ரோபொலிஸின் மேல்பாதிதான் நியூயார்க். கீழ்ப்பாதி டெட்ராய்ட். ஹென்றி ஃபோர்டின் சுயசரிதை 1923-இல் ஜெர்மனியில் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. வைமார் ஜெர்மனியின் முதலாளிகளும், ஏன் தொழிற்சங்கத் தலைவர்கள் சிலரும்கூட, அதை வேதம்போலப் படித்தார்கள். ஃபோர்டின் ஹைலாண்ட் பார்க் ஆலையில் 1913-இல் நகரும் பொருத்துவரிசை வந்தது. அதுவரை ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பொருத்த 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. தொழிலாளி நடப்பதில்லை, பொருள் அவனிடம் வருகிறது, ஒரே அசைவை அவன் நாள் பூராவும் செய்கிறான். இதைத் தாங்க முடியாமல் ஆட்கள் ஓடினார்கள். அந்த ஆண்டில் அந்த ஆலையின் ஆள்மாற்ற விகிதம் 370 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. அதாவது 100 இடங்களை நிரப்பிவைக்க ஆண்டுக்கு 370 பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. 1914-இல் ஃபோர்ட் நாளொன்றுக்கு 5 டாலர் அறிவித்தது தாராள மனத்தால் இல்லை, இந்த ஓட்டத்தை நிறுத்தத்தான். கூடவே தொழிலாளியின் வீட்டுக்குள் நுழைந்து அவன் குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று பார்க்க ஒரு துறையையும் வைத்தார். தலைக்கும் கைக்கும் நடுவே இதயத்தை வைக்கும் திட்டம் ஃபோர்டிடம் ஏற்கனவே இருந்தது. அதற்கு விலை 5 டாலர்.

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி. ஷிஃப்டு மாறுகிறது. உள்ளே போகிற வரிசையும் வெளியே வருகிற வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் நகர்கின்றன. எல்லாத் தலைகளும் கவிழ்ந்திருக்கின்றன, உடைகள் ஒன்றுபோலவே. வெளியே வருபவர்கள் உள்ளே போகிறவர்களின் ஏறக்குறைய பாதி வேகத்தில் நடக்கிறார்கள். பத்து மணி நேரம் ஒரு மனித உடலிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதை இந்த வேக வித்தியாசம் சொல்லிவிடுகிறது. மார்க்ஸ் வேலைநாளைப் பற்றி எழுதிய அத்தியாயத்தின் காட்சி வடிவம் இது. இதை முதலில் தாளமாகப் பார்க்க வேண்டும். இரண்டு தாளங்கள், ஒரே திரையில், ஒன்றோடொன்று சேராமல். டி.ஜே.யின் தொழிலே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு இசைத்தட்டுகளில் ஒன்றின் சுழற்சியை விரலால் கூட்டிக் குறைத்து, இரண்டின் அடியும் ஒன்றாக விழும்படி செய்வதுதான் அவருடைய அடிப்படைக் கைவினை. மில்ஸ் மூன்று சுழலிகளை வைத்து, கூடவே ஒரு டிரம் மெஷினையும் கையாள்பவர் என்று பெயரெடுத்தவர். 1980களில் டெட்ராய்ட் வானொலியில் 'மந்திரவாதி' என்ற பெயரில் தட்டுகளை மின்னல் வேகத்தில் மாற்றிய காலத்திலிருந்து வந்த பெயர் அது. வேகங்களை அளப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் அந்த ஷிஃப்டுக் காட்சியின் முன்னால் உட்காருகிறார் என்பதே எனக்குப் போதுமான காரணமாகத் தெரிகிறது.

படத்துக்கு முதலில் இசையமைத்தவர் காட்ஃபிரீட் ஹூப்பெர்ட்ஸ். வாக்னர் வழி வந்த பேரிசை அது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும், ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் அடையாள மெட்டு. மரியா வந்தால் அவள் மெட்டு, எந்திரம் வந்தால் எந்திரத்தின் மெட்டு. தொழிலாளர்கள் கலகம் செய்யும்போது பிரெஞ்சுப் புரட்சியின் 'மார்செய்யேஸ்' கேட்கிறது. எப்போது கேட்கிறது என்று கவனியுங்கள்: எந்திர மனுஷியால் ஏமாற்றப்பட்டுத் தங்கள் குழந்தைகளையே மறந்து ஓடும் கும்பலுக்குப் பின்னால். புரட்சியின் பாட்டு இங்கே வெறியின் அடையாளமாகிவிடுகிறது. படம் தயங்கிச் சொல்வதை இசை தயங்காமல் சொல்லிவிட்டது. தியோடர் அடோர்னோவும் ஹான்ஸ் ஐஸ்லரும் திரை இசை பற்றி எழுதிய நூலில் இந்த அடையாள மெட்டு முறையைக் கடுமையாகச் சாடினார்கள். இசை படத்துக்கு வேலைக்காரனாக இருந்துகொண்டு, பார்வையாளன் எங்கே அழ வேண்டும், எங்கே பயப்பட வேண்டும் என்று அறிவித்துக்கொண்டே வருகிறது; படத்துக்கும் இசைக்கும் நடுவில் முரண் இருந்தால்தான் பார்வையாளன் யோசிப்பான் என்பது அவர்கள் நிலை. இதை எழுதிய ஐஸ்லர், நாஜிகளுக்கு எதிராக லாங் 1943-இல் எடுத்த 'ஹேங்மென் ஆல்ஸோ டை' படத்துக்கு இசையமைத்தவரும்கூட.

1984-இல் ஜார்ஜியோ மொரோடர் வந்தார். டோனா சம்மரோடு 1977-இல் சின்தசைசர் நடன இசையின் இலக்கணத்தையே எழுதியவர். அவர் படத்தைச் சுருக்கி, வண்ணம் ஏற்றி, இடைத்தலைப்புகளை எடுத்துவிட்டு, ஃபிரெடி மெர்குரி, பானி டைலர் போன்றவர்களைப் பாடவைத்தார். பண்டிதர்கள் கொதித்தார்கள். வண்ணம் பூசியதற்காக நான் கொதிக்க மாட்டேன். பழைய பிரதி புனிதமானது என்று நினைப்பவர்கள், 1927-லேயே விநியோகஸ்தர்கள் அதைக் கண்டதுண்டமாக வெட்டினார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். மொரோடரின் கோளாறு வேறு. எந்திரத்தை வைத்து இசை செய்தவர், இந்தப் படத்துக்கு வரும்போது பாடகர்களைக் கூட்டிவந்து காதலையும் ஏக்கத்தையும் பாடவைத்தார். கருவி மின்னணு, கருத்தியல் பழைய இதயம். ஹூப்பெர்ட்ஸின் வயலின்கள் செய்த மத்தியஸ்தத்தை மெர்குரியின் குரல் செய்தது.

இந்த இடத்தில் மில்ஸ் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள டெட்ராய்டுக்குத் திரும்ப வேண்டும். ஃபோர்டின் ரிவர் ரூஜ் ஆலை தெற்கிலிருந்து வந்த கறுப்பர்களை வேலைக்கு எடுத்தது. எங்கே எடுத்தது? வார்ப்படப் பட்டறையில், உலை வாயில், மோலோக்கின் பல்லுக்கு நேராக. ரோபோ என்ற சொல் செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, கரேல் சாபெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகம் வழியாக. அடிமைத்தனத்தின் வாரிசுகளுக்கு இந்தச் சொல் கற்பனையாக இருக்க முடியாது. 1967-இல் டெட்ராய்ட் எரிந்தது. 43 பேர் செத்தார்கள். மறு ஆண்டு டாட்ஜ் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் அதிகாரபூர்வ சங்கத்துக்கு வெளியே தங்கள் புரட்சிகரச் சங்கத்தைக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'டிரம்' என்று வரும். தற்செயலாக வந்த பெயரில்லை. உற்பத்தி பெருகியதற்குத் தானியங்கி எந்திரங்களே காரணம் என்று நிர்வாகம் சொன்னபோது, முன்பு மூன்று வெள்ளையர்கள் செய்த வேலையை இப்போது ஒரு கறுப்பன் செய்கிறான், அதற்கா தானியங்கி என்று பெயர் என்று அவர்கள் கேட்டார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, இடம் மாறின. 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நகரம் 2010 கணக்கெடுப்பில் 7 லட்சத்துச் சொச்சமாகிவிட்டது. மோடவுன் இசை நிறுவனம்கூட 1972-இல் லாஸ் ஏஞ்செல்ஸுக்குக் கிளம்பிவிட்டது.

எந்திரம் மனிதர்களைத் தின்றது ஒரு கதை. தின்று முடித்து, மென்ற எச்சத்தைத் துப்பிவிட்டுப் போனது இரண்டாவது கதை. லாங்குக்கு முதல் கதை மட்டும்தான் தெரியும். டெக்னோ இரண்டாவது கதைக்குள் பிறந்தது. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் டிரம் வாசிப்பவர் இல்லாத இடத்தில் பயன்படட்டும் என்று செய்த டி.ஆர்-808, டி.ஆர்-909 போன்ற பெட்டிகள் நிஜ டிரம்மைப் போல ஒலிக்கவில்லை என்று வியாபாரத்தில் தோற்றன. பழைய சாமான் கடைகளில் சல்லிசாகக் கிடைத்தன. டெட்ராய்டிலும் சிகாகோவிலும் கறுப்பின இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். போலியாக ஒலிக்கிறது என்று கழித்துக்கட்டப்பட்ட அந்த ஒலியையே தங்கள் ஒலியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஆலையில் எந்திரத்தின் வேகத்துக்குத் தன் உடலை ஒப்புக்கொடுத்தார். மகன் எந்திரத்தை மேசை மேல் வைத்து அதன் வேகத்தைத் தன் விரலால் தீர்மானிக்கிறான். உற்பத்திச் சாதனத்தின் மீதான உரிமை என்று நாம் மேடைகளில் பேசுவதன் ரொம்பச் சின்ன, ரொம்ப ஏழ்மையான, ஆனாலும் நிஜமான ஒரு வடிவம் இது.

லாங்கின் படம் இந்த இசைக்குள் ஆரம்பத்திலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க் 1978-இல் வெளியிட்ட 'மனித எந்திரம்' இசைத்தட்டில் ஒரு பாட்டின் பெயரே 'மெட்ரோபொலிஸ்'. அந்தக் குழுவின் இசையை டெட்ராய்ட் வானொலியில் 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற கறுப்பின அறிவிப்பாளர் இரவு இரவாகப் போட்டுக் கேட்கவைத்தார். அதைக் கேட்டு வளர்ந்த ஹுவான் அட்கின்ஸும், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிக் டேவிஸும் சேர்ந்த சைபோட்ரான் 1984-இல் 'டெக்னோ சிட்டி' என்ற தட்டை வெளியிட்டது. லாங்கின் படத்து நகரமே அதற்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. மில்ஸ் 1980களின் கடைசியில் மைக் பேங்க்ஸோடு சேர்ந்து 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவைத் தொடங்கினார். ராபர்ட் ஹூட் சேர்ந்துகொண்டார். முகத்தை மறைத்துக்கொண்டு, பெரிய நிறுவனங்களை அண்டவிடாமல், தட்டுகளைத் தாங்களே வெளியிட்ட குழு. 'நிலத்தடி எதிர்ப்பு' என்று பெயரை மொழிபெயர்த்துப் பாருங்கள், மரியாவின் நிலவறை ஞாபகம் வரும். பொறுமையைப் போதிக்காத நிலவறை. சுவர் விழுந்த பெர்லினில், பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் பாதாளப் பெட்டகத்தில் 1991-இல் திறக்கப்பட்ட டிரெசார் விடுதியும் அதன் இசைத்தட்டு நிறுவனமும் இவர்களை வரவேற்றன. மில்ஸின் 'மெட்ரோபொலிஸ்' 2000-இல் வெளியானதும் டிரெசார் வழியாகத்தான். பெர்லினில் எடுத்த டெட்ராய்டின் கனவு, டெட்ராய்ட்காரன் கையால் பெர்லினுக்குத் திரும்புகிறது.

அந்தத் தட்டைக் கேட்கிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். மேடையில் மில்ஸ் காட்டும் அசுர வேகம் இதில் பெரும்பாலும் இல்லை. அடி பின்னால் போய்விடுகிறது. நீண்டு கிடக்கும் சின்தசைசர் ஒலிகள், சின்னச் சின்னத் துணுக்குகள், ஒன்றே மறுபடி மறுபடி வருகிறது. அழவேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும் மெட்டு எதையும் நான் கேட்கவில்லை. பாத்திரங்களுக்கு மேல் அன்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. 'உணர்ச்சியே இல்லை' என்று ஒரு நண்பர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் குறையாகச் சொன்னார்.

லூப் என்கிற சுழல், திரும்பத் திரும்ப ஓடும் ஒரு துண்டு, கதை சொல்ல லாயக்கில்லாத வடிவம். கதைக்குத் தொடக்கம், சிக்கல், அவிழ்ப்பு வேண்டும். ஹூப்பெர்ட்ஸின் இசை போன்ற சிம்ஃபனி மரபு இசையும் அப்படித்தான்: முரண்படும் மெட்டுகள் கடைசியில் ஒரு பெரும் ஒத்திசைவில் சமாதானமாகும். கைகுலுக்கலுக்கு அந்த இசை அத்தனை பொருத்தமாக இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டுக்கும் ஒரே இலக்கணம். முரண்பாடு தீர்ந்தே தீரும் என்ற நம்பிக்கை அந்த இசையின் எலும்பிலேயே இருக்கிறது. சுழலுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அது எதையும் தீர்ப்பதில்லை. நின்றால் நின்ற இடத்தில் நிற்கும், ஓடினால் நாளைக்கும் ஓடும். தேவாலய வாசலில் கைகள் சேரும்போது பார்வையாளனைக் கண்ணீரோடு வீட்டுக்கு அனுப்ப இந்த இசையால் முடியாது. பத்து மணிக் கடிகாரம் காலையில் மறுபடி ஓடும் என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது. கதை மறந்துவிடுவதை வடிவம் மறக்கவில்லை.

படமே இதற்கு ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறது. தொழிலாளர்கள் உடைக்கும் மைய எந்திரத்துக்குப் படத்தில் என்ன பெயர் தெரியுமா? இதய எந்திரம். அதன் காவலன்தான் மேஸ்திரி குரோட். மத்தியஸ்தம் செய்யும் இதயத்தைப் பற்றி மூச்சுக்கு மூச்சு பேசும் படம், நகரத்தின் இதயம் ஏற்கனவே எந்திரம்தான் என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறது. அது துடிப்பது உழைப்பில். அதை நிறுத்தினால் மூழ்குவது தொழிலாளியின் வீடு. இந்த இரண்டாவது இதயத்தை ஹூப்பெர்ட்ஸும் மொரோடரும் பொருட்படுத்தவில்லை. எந்திரங்களை வைத்தே இதயத்துடிப்பு செய்து பழகிய ஓர் இசை மரபுதான் அதைக் கேட்கக்கூடியது.

அடோர்னோ இதை ஒப்புக்கொண்டிருப்பாரா? மாட்டார். ஜாஸையே ஆலைத் தாளத்தின் எதிரொலி என்று ஒதுக்கியவர் டெக்னோவைக் கேட்டிருந்தால் அறையைவிட்டே வெளியேறியிருப்பார். கிராக்கவுரும் 1927-இல் எழுதிய கட்டுரையில், மேடையில் வரிசையாகக் கால் தூக்கி ஆடும் டில்லர் பெண்களின் கால்கள் ஆலையில் அசையும் கைகளுக்கு இணையானவை என்றார். உழைப்பின் திரும்பச்செய்தலை ஓய்வு நேரத்திலும் மக்கள் நடித்துக்காட்டுகிறார்கள், அதையே இன்பம் என்கிறார்கள். டெக்னோ மீது இடதுசாரிகள் வைக்கும் குற்றச்சாட்டும் இதுதான்: பகலில் பொருத்துவரிசை, இரவில் அதே தாளத்துக்கு ஆட்டம். சும்மா தள்ளிவிட முடியாத குற்றச்சாட்டு இது. ஆனால் இதில் ஒன்று விடுபடுகிறது. டில்லர் பெண்களின் வரிசையை வேறொருவன் தீர்மானித்தான். பார்த்தவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். டெட்ராய்டின் நடன அறையில் வரிசை இல்லை, மேடை இல்லை, பார்ப்பவன் என்று தனியாக ஒருவன் இல்லை. உடல் திரும்பத்திரும்பச் செய்வதிலிருந்து உற்பத்தி எதுவும் வெளியே போவதில்லை. அதே அசைவு, ஆனால் யாருக்கும் உபரி கிடையாது. இதைப் புரட்சி என்று நான் சொல்லவில்லை. அடிமைத்தனத்தின் நகல் என்று சொல்வதையும் ஏற்கவில்லை.

இந்தப் படத்தில் ஆட்டத்துக்கு நேர்வது வேறு கதை. போலி மரியா ஆடுகிறாள். அந்த ஆட்டத்தை லாங் கண்களாக வெட்டிக் காட்டுகிறார், திரை முழுக்க ஆண்களின் கண்கள். அவள் கையசைக்க, கூட்டம் நகர்கிறது. படத்தில் கூட்டத்தை உடல் வழியாக இயக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அதனாலேயே அவளைக் கட்டிவைத்து எரிக்கிறார்கள். நல்ல மரியா பேசுகிறாள், கெட்ட மரியா ஆடுகிறாள். பெண் உடல், எந்திரம், கலகம் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு நெருப்பில் தள்ளும் இந்த இடம், ஷிஃப்டுக் காட்சியை எடுத்த அதே கலைஞனின் மனத்தில் இருந்த அச்சத்தைக் காட்டுகிறது. டி.ஜே. இந்தப் போலி மரியாவின் வம்சம். கருவியின் துணையோடு கூட்டத்தின் உடலை அசைப்பவர். இந்தக் காட்சியின் முன்னால் அவர் நடுவராக இருக்க முடியாது, கட்சிக்காரர்.

என் வருத்தம் இங்கேதான். தன் வம்சத்துக்காக மில்ஸ் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம். அடியைப் பின்னுக்குத் தள்ளி, இசையை 'தீவிரமானதாக' ஆக்கிய முடிவில், கலை அரங்கம் கேட்கும் மரியாதைக்குக் கொடுத்த விலை ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது. பாரிஸின் பொம்பிடூ மையத்தில் இந்த இசையோடு படத்தைக் காட்டினார்கள். பிறகு எத்தனையோ அரங்குகளில். நாற்காலியில் உட்கார்ந்து, கைகட்டி, கடைசியில் கைதட்டும் பார்வையாளர்கள். மில்ஸ் 2005-இல் மோன்பெலியே இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்தார், பிரெஞ்சு அரசின் கலை விருதையும் பெற்றார். கறுப்பின டி.ஜே. கலைஞராக ஏற்கப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஏற்பின் நிபந்தனை, கூட்டம் ஆடாமல் உட்கார வேண்டும் என்பதாக இருந்தால், எரிக்கப்பட்டது யார் என்று கேட்கத்தான் வேண்டும். தட்டுகளிலும் பேச்சிலும் மில்ஸ் விண்வெளி, எதிர்காலம் என்றே அதிகம் போகிறார். இன்னொரு பக்கம் மைக் பேங்க்ஸ் டெட்ராய்டை விட்டு நகரவில்லை. ஒருவர் துரோகி, ஒருவர் தியாகி என்று பிரிக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கே உதவாது. ஒடுக்கப்பட்டவனுக்கு எதிர்காலத்தைப் பற்றி நினைக்க உரிமை இல்லையா, அவன் எப்போதும் தன் காயத்தைப் பற்றி மட்டுமே வாசிக்க வேண்டுமா என்று மில்ஸின் தரப்பிலிருந்து கேட்டால், என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

2008-இல் புவெனஸ் அயர்ஸின் திரைப்பட அருங்காட்சியகத்தில், தொலைந்துபோனதாக நினைத்த காட்சிகளோடு ஒரு 16 மி.மீ. பிரதி கிடைத்தது. சுமார் 25 நிமிடங்கள். 2010 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் மீட்கப்பட்ட படத்தைக் காட்டினார்கள். பிராண்டன்பர்க் வாயிலில் பனியில் நின்றும் ஜனங்கள் பார்த்தார்கள். இசை? ஹூப்பெர்ட்ஸ்தான், முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு. வெட்டுகளை எந்த இடத்தில் சேர்ப்பது என்று கண்டுபிடிக்க அவருடைய இசைக் குறிப்புகளே ஆய்வாளர்களுக்கு வரைபடமாக இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இசை மேல் எனக்குள்ள சண்டை இதனால் இன்னும் சிக்கலாகிறது. படத்தின் சரியான ஓட்ட வேகம் எது என்ற தகராறுகூட இன்னும் முடியவில்லை.

மில்ஸ் தன் பழைய இசையை இந்தப் புதிய பிரதியின் மேல் இழுத்துப் போர்த்தவில்லை. மறுபடி அமைத்தார். 2023-இல் மூன்றாவது தடவையாக, 'மெட்ரோபொலிஸ் மெட்ரோபொலிஸ்' என்று பெயரையே இரண்டு தடவை சொல்லி, தன் சொந்த ஆக்ஸிஸ் நிறுவனம் வழியாக வெளியிட்டார். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் இதை அதிருப்தி என்பார்கள். டி.ஜே.க்கு அது தொழில் வழக்கம். நேற்று ராத்திரி போட்ட அதே தட்டு இன்றைக்கு வேறு கூட்டத்துக்கு வேறு மாதிரி விழும். நம் திரைப்பட இயக்கங்களில் இந்தப் படத்தைப் போடுகிற நண்பர்கள், ஒரே மாலையில் தேவாலய வாசல் காட்சியை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு தடவை ஹூப்பெர்ட்ஸ், ஒரு தடவை மில்ஸ். விவாதத்தை அதற்குப் பிறகு தொடங்கினால் போதும், அறிமுக உரை வேண்டாம். நாற்காலிகளை முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது.